கடல்நீரில் உப்பு இருக்கிறதா?
உப்பளம் கற்பிக்கும் வேதியியல்

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் செப்பம் செய்யப்பட்ட வடிவம். மேடையில் சொன்ன சில கிளைக்கதைகள் நீக்கப்பட்டுள்ளன.)



அறக்கட்டளையை நிறுவியவர்கள் உப்பு வணிகக் குடும்பத்தினர் என்று அழைப்பிதழோடு வந்த குறிப்பில் படித்தேன். அதன் பிறகு தலைப்பைத் தேட வேண்டியிருக்கவில்லை. தூத்துக்குடி வட்டாரத்தில் வேதியியல் பேச வருகிறவன் உப்பைத் தாண்டி எங்கே போக முடியும்?

பள்ளித் தேர்வில் ஆண்டுதோறும் வரும் ஒரு கேள்வி உங்களுக்கு நினைவிருக்கும். உப்பு நீரில் கரைவது இயற்பியல் மாற்றமா, வேதியியல் மாற்றமா? இயற்பியல் மாற்றம் என்று எழுதினால் மதிப்பெண் உண்டு. காரணமும் மனப்பாடம்: நீரை ஆவியாக்கினால் போட்ட உப்பு அப்படியே திரும்பக் கிடைக்கும். கலவை ஒரு பாடம், கரைசல் அடுத்த பாடம், வேதிவினை அதற்கும் அடுத்த பாடம். மூன்றையும் தனித்தனிப் பெட்டியில் போட்டுப் பூட்டிவிடுகிறோம்.

இந்த ஊர் உப்பளத்துக்கு இந்தப் பூட்டு செல்லாது என்பதுதான் என் வாதம். ஒரே நீர் ஒரு வரப்பிலிருந்து அடுத்த வரப்புக்குப் போகும் வழியில் மூன்று பாடங்களையும் கடந்துவிடுகிறது. கரைசலுக்குள் உப்புகள் இருப்பதில்லை, அயனிகள்தாம் இருக்கின்றன. அவற்றில் எது எதோடு சேர்ந்து எந்த உப்பாக வெளியே வரும் என்பதைக் கடல் முன்கூட்டியே எழுதி வைக்கவில்லை. வெயில், காற்று, நீரின் செறிவு, இவற்றோடு அளத்துக்காரர் மடையை அடைக்கும் நேரம், இவைதாம் அதை முடிவு செய்கின்றன. இதை ஆறு கூறுகளாகச் சொல்கிறேன். சிலவற்றில் நின்று பேசுவேன், சிலவற்றைத் தொட்டுவிட்டுப் போவேன்.

1. பட்டியலில் என்ன எழுதுவது?

சராசரிக் கடல்நீர் ஒரு கிலோவில் ஏறத்தாழ 35 கிராம் கரைபொருள் உண்டு. அதில் குளோரைடு 19 கிராமுக்குச் சற்று மேல், சோடியம் 11 கிராமுக்குச் சற்றுக் கீழ், சல்பேட் 2.7 கிராம், மக்னீசியம் 1.3 கிராம், கால்சியமும் பொட்டாசியமும் தலைக்கு 0.4 கிராம். மிச்சம் பைகார்பனேட், புரோமைடு போன்றவை.

இந்தப் பட்டியலில் சோடியம் குளோரைடு, மக்னீசியம் சல்பேட் என்ற பெயர்களையே நான் சொல்லவில்லை. வேண்டுமென்றேதான் சொல்லவில்லை. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கடல்நீரைப் பகுத்தவர்கள் அதில் இன்ன உப்பு இவ்வளவு, இன்ன உப்பு இவ்வளவு என்றுதான் எழுதினார்கள். ஒருவர் கணக்கு மற்றவர் கணக்கோடு ஒத்துப்போகவில்லை. யாரும் கைத்தவறு செய்யவில்லை. காய்ச்சிய முறை வேறு, அதனால் கிடைத்த உப்புகளும் வேறு. நாம் பிரித்தெடுக்கும் உப்புகள் பிரிக்கும் முறையைப் பொறுத்தவை, அவை அப்படியேதான் நீருக்குள் இருந்தன என்று கொள்ள முடியாது என எடின்பரோவின் ஜான் மரே அப்போதே வாதிட்டார். அயனிக் கொள்கை பிறக்காத காலம் அது. ஸ்வாந்தே அர்ரேனியஸ் தம் ஆய்வேட்டை உப்சாலா பல்கலைக்கழகத்தில் கொடுத்தது 1884இல்தான். தேர்வாளர்கள் அதற்குக் கீழ்த்தர மதிப்பே அளித்தார்கள் என்பதும், 1903இல் நோபல் பரிசு அதே கொள்கைக்காக வந்தது என்பதும் நீங்கள் அறிந்த கதைதான்.

அதே 1884இல் வெளிவந்த இன்னொரு வேலை அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. சேலஞ்சர் என்ற கப்பல் 1872 முதல் 1876 வரை உலகக் கடல்களைச் சுற்றிக் கொண்டுவந்த நீரில் 77 மாதிரிகளை வில்லியம் டிட்மார் பகுத்தார். ஓரிடத்தில் உப்புச்சுவை கூடியிருக்கலாம், வேறிடத்தில் குறைந்திருக்கலாம். முக்கிய அயனிகளுக்கு இடையிலான விகிதம் மட்டும் ஏறத்தாழ மாறவே இல்லை. மன்னார் வளைகுடா நீரைப் பற்றிப் பேசும்போது மத்தியதரைக் கடலில் செய்த சோதனையை நான் துணைக்கு அழைக்கப் போகிறேன். அதற்கு உரிமை தருவது இந்த விகித மாறாமைதான்.

2. கரைவது சும்மா நடப்பதில்லை

உப்புக் கல்லில் சோடியம் அயனியும் குளோரைடு அயனியும் ஒன்றையொன்று இறுகப் பற்றிக்கொண்டிருக்கின்றன. ஒரு மோல் உப்பை, அதாவது 58.5 கிராமை, தனித்தனி அயனிகளாகப் பிரித்தெறிய ஏறத்தாழ 787 கிலோஜூல் வேண்டும். பெரிய செலவு. நம் வீட்டு அடுப்பின் சூட்டில் உப்பு அப்படிப் பிரிவதில்லை. ஆனால் டம்ளர் நீரில் போட்டுக் கரண்டியால் கலக்கினால் கரைந்துவிடுகிறது. ஒவ்வொரு சோடியம் அயனியையும் ஏறத்தாழ ஆறு நீர் மூலக்கூறுகள் நெருக்கமாகச் சூழ்ந்துகொள்கின்றன. அப்போது வெளிப்படும் ஆற்றல் செலவை முக்காலே மூணு வீசம் ஈடுகட்டிவிடுகிறது. மிஞ்சும் பற்று மோலுக்கு 4 கிலோஜூல்தான். அதை நீரே தன் வெப்பத்திலிருந்து கொடுக்கிறது. நிறைய உப்பைக் கரைத்துவிட்டு டம்ளரைத் தொட்டால் சற்றே குளிர்ந்திருப்பது அதனால்தான்.

ஆக, பெரிய செலவும் பெரிய வரவும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டுபோக, வெளியே ஒன்றுமே நடக்காததுபோல் தெரிகிறது. அதைப் பார்த்துத்தான் இயற்பியல் மாற்றம் என்கிறோம். நீரற்ற கால்சியம் குளோரைடில் வரவு செலவைவிட 81 கிலோஜூல் அதிகம். கையில் பிடிக்க முடியாதபடி பாத்திரம் சுடும். நீரற்ற தாமிர சல்பேட் வெள்ளைப் பொடி. நீரில் போட்டதும் நீலம். அந்த நீரை ஆறவிட்டு ஆவியாக்கினால் போட்ட வெள்ளைப் பொடி கிடைக்காது. ஐந்து நீர் மூலக்கூறுகளை இழுத்துவைத்துக்கொண்ட மயில்துத்தம் கிடைக்கும். போட்டது திரும்பக் கிடைப்பதுதான் அளவுகோல் என்றால், இது கரைதலா வினையா? எந்தப் பெட்டியில் போடுவீர்கள்?

3. பாத்திக்கு வரும் வழி

இந்த வட்டாரத்தில் பெரும்பாலான அளங்கள் நேரடியாகக் கடல்நீரை எடுப்பதில்லை. நிலத்தடியில் ஊறியிருக்கும் உப்புநீரை ஆழ்துளைக் கிணற்றிலிருந்து பம்பு வைத்து இறைக்கிறார்கள். அது கடல்நீரைவிடச் செறிவானது, அதனால் வெயிலுக்கு வேலை குறைவு. முதலில் தெப்பம் எனப்படும் தேக்கத்தில் நிற்கும், பிறகு ஒன்றிலிருந்து ஒன்றாகப் பல பாத்திகளைக் கடந்து, கடைசியில் உப்பு விளையும் பாத்திக்கு வரும். வழியெல்லாம் அளத்துக்காரர் செய்யும் முக்கியமான காரியம் டிகிரி பார்ப்பது.

அந்த டிகிரி வெப்பநிலை அன்று. அந்துவான் போமே என்ற பிரெஞ்சு மருந்தாளுநர் 1768இல் வகுத்த அளவு அது. தூயநீரில் மிதவை நிற்கும் இடம் 0. நூற்றுக்குப் பதினைந்து பங்கு உப்புள்ள நீரில் அது நிற்கும் இடம் 15. கண்ணாடிக் குழல் ஒன்று எவ்வளவு உயர்ந்து மிதக்கிறது என்று பார்த்தால் போதும். பள்ளி வாசலை மிதிக்காதவர்களும் இந்த மானியை வைத்துக்கொண்டு நம் ஆய்வகத்துக்கு ஒப்பான துல்லியத்தோடு வேலை செய்கிறார்கள்.

கடல்நீர் 3 அல்லது 3.5 டிகிரியில் தொடங்குகிறது. 7 டிகிரிக்கு அக்கம்பக்கத்தில் கால்சியம் கார்பனேட் படியத் தொடங்கும். அளவு சொற்பம், அடியில் மங்கலான வண்டல்போல் தெரியும். 13 முதல் 16 டிகிரிக்குள் ஜிப்சம் இறங்க ஆரம்பிக்கும். இதைச் சிமெண்ட் ஆலைகள் வாங்குகின்றன, ஆகவே வீண் இல்லை. 25 டிகிரியைத் தாண்டியதும் உப்பு.

1849இல் உசிக்லியோ என்பவர் மத்தியதரைக் கடல்நீரை ஆவியாக்கி எடுத்த வரிசையும் இதுவே. கடல்நீர் ஐந்தில் ஒரு பங்காகச் சுருங்கியபோது ஜிப்சமும், பத்தில் ஒரு பங்குக்குச் சற்றே கீழே வந்தபோது உப்பும் பிரிந்தன என்று கண்டார். ஆயிரம் லிட்டரில் தொள்ளாயிரம் லிட்டருக்கு மேல் காற்றோடு போன பிறகே முதல் உப்புக் கல் பிறக்கிறது.

ஏன் இந்த வரிசை? எது நிறைய இருக்கிறதோ அது முதலில் வரவேண்டும் என்று தோன்றும். வருவதில்லை. எது தன் தெவிட்டு நிலையை முதலில் தொடுகிறதோ அதுதான் முதலில் வரும். ஜிப்சம் ஒரு லிட்டர் தூயநீரில் இரண்டரை கிராம் அளவுக்குக் கரையும், அவ்வளவுதான். உப்போ 350 கிராமுக்கு மேல் கரையும். கால்சியம் அயனியும் சல்பேட் அயனியும் கூட்டத்தில் சிறுபான்மை. ஆனாலும் அவை ஒன்றையொன்று கண்டால் விடுவதில்லை.

இங்கேதான் மாணவர்கள் ஊன்றிக் கவனிக்க வேண்டும். கால்சியம் அயனி, சல்பேட் அயனி, இரண்டு நீர் மூலக்கூறு ஆகியவை சேர்ந்து ஜிப்சம் உண்டாவதைச் சோதனைக்குழாயில் செய்தால் வீழ்படிவு வினை என்று வேதிவினைப் பாடத்தில் எழுதுகிறோம். சோடியம் அயனியும் குளோரைடு அயனியும் சேர்ந்து உப்பு உண்டானால் படிகமாதல் என்று பிரித்தல் முறைகளில் எழுதுகிறோம். இரண்டும் இரண்டு பாத்தி தள்ளி, ஒரே வெயிலில், ஒரே காரணத்தால் நடப்பவை.

உப்பு விளையும் பாத்தியில் பிற்பகல் நேரத்தில் குனிந்து பாருங்கள். கல் அடியில்தான் உருவாகிறது என்று நினைத்திருப்போம். ஆவியாதல் நடப்பது நீரின் மேற்பரப்பில், ஆகவே செறிவு அங்கேதான் முதலில் எல்லை தாண்டுகிறது. காற்று ஓய்ந்த நேரத்தில் மாவு தூவியதுபோல் மேலே வெண்புள்ளிகள் தெரியும். ஒன்றை உள்ளங்கையில் ஏந்தினால் சதுரம். நடுவில் குழி, விளிம்பில் படிப்படியாகச் சுவர். தலைகீழாக மிதக்கும் சின்னக் கூம்பு. நீர் உப்பைவிட லேசானது, உப்புக் கல் மூழ்கத்தான் வேண்டும். மேற்பரப்பின் இழுவிசை தாங்குவதால் மிதக்கிறது. எடை கூடக் கூட நடுப்பகுதி தாழ, நீரைத் தொடும் விளிம்பு மட்டும் வளர்வதால் இந்த வடிவம். காற்று ஒருமுறை சிலுப்பினால் எல்லாம் அடியில் போய்விடும். அங்கே மெதுவாக வளர்ந்து கல்லாகும். பிறகு வாருபலகை.

வேகமும் ஒரு வேதிப்பொருள்போல் வேலை செய்கிறது. மெதுவாக வளர்ந்த கல் இறுகியிருக்கும், அதற்குள் தாய்நீர், அதாவது கல் பிறந்த அந்தச் செறிவான நீர், சிக்குவது குறைவு. அவசரமாக வளர்ந்த கல்லுக்குள் சிறு சிறு பைகளாகத் தாய்நீர் அடைபட்டுக்கொள்ளும். எவ்வளவு கழுவினாலும் போகாது.

போகிற போக்கில் ஒரு கணக்கு. ஆயிரம் லிட்டர் கடல்நீரிலிருந்து அளத்தில் கைக்கு வருவது ஏறத்தாழ 20 கிலோ உப்பு. அதற்காக ஆவியாகும் நீர் ஏறத்தாழ 970 லிட்டர். ஒரு லிட்டரை ஆவியாக்க 0.67 யூனிட் மின்சாரத்துக்கு ஈடான வெப்பம் வேண்டும். பெருக்கினால் 650 யூனிட். நம் அரசு ஒரு வீட்டுக்கு இரு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் தருகிறது, ஆண்டுக்கு 600. ஆண்டு முழுவதற்குமான இலவச மின்சாரம் 20 கிலோ உப்புக்குக்கூடப் போதாது. வடகிழக்குப் பருவமழை வந்தால் அளம் ஏன் மூடிக்கிடக்கிறது என்பதற்கு இந்த ஒரு கணக்கு போதும். அந்த மாதங்களில் பாத்தியில் வேலை செய்கிறவர்கள் எதை வைத்துப் பிழைப்பது என்பது வேதியியலுக்குள் அடங்காத கேள்வி. ஆனால் இந்த மேடையில் கேட்காமல் விடக்கூடாத கேள்வி. வெயில் உச்சியில் ஏறும்போது கண் கூசும் வெண்மையில் நின்று உப்பு வாருகிறவர்களும் தலையில் சுமக்கிறவர்களும் இல்லாமல் மேலே சொன்ன வரிசை எதுவும் மூட்டைக்குள் வராது.

4. நிறுத்தத் தெரிந்தவர்

25இல் தொடங்கிய விளைச்சலை 29 அல்லது 30 டிகிரியில் நிறுத்திவிட்டு, மிஞ்சிய நீரை வெளியேற்றிவிட வேண்டும். பாத்தியில் இன்னும் சோடியமும் இருக்கிறது, குளோரைடும் இருக்கிறது. ஆசைப்பட்டு இன்னும் இரண்டு நாள் விட்டால் என்ன?

எடை கூடும், தரம் போகும். சோடியம் குளோரைடு வெளியேற வெளியேற, நீரில் மக்னீசியத்தின் பங்கு ஏறிக்கொண்டே வருகிறது. சுவை கசக்கத் தொடங்குகிறது. மிஞ்சும் நீருக்குக் கசப்பு நீர் என்றே பெயர். மக்னீசியம் அயனி சிறியது, இரட்டை மின்சுமை கொண்டது, நீரை இறுக்கிப் பிடிக்கும். அதனால் ஆவியாதலே மந்தமாகிறது. மேலும் போனால் மக்னீசியம் சல்பேட்டும் பிற உப்புகளும் சேர்ந்து படிய ஆரம்பிக்கும்.

இதன் விளைவை அடுக்களையில் பார்க்கலாம். தூய சோடியம் குளோரைடு, காற்றின் ஈரப்பதம் 75 விழுக்காட்டை எட்டும்வரை கசியாது. மக்னீசியம் குளோரைடுக்கு 33 விழுக்காடே போதும். நம் கடற்கரையோரத்தில் ஈரப்பதம் 33க்குக் கீழே இறங்குவது அரிது. ஆகவே மழைக்காலத்தில் கல்லுப்புச் சாடியின் அடியில் நீர் தேங்குவதைப் பார்த்து உப்பு கரைகிறது என்று சொல்வதில் பாதிதான் உண்மை. அங்கே முதலில் காற்றிலிருந்து நீரை இழுப்பது உப்போடு ஒட்டிக்கொண்டு வந்த மக்னீசியம் குளோரைடு. அளத்தில் மடையைத் திறக்க யாரோ தாமதித்ததன் பலனை வீட்டில் நாம் காண்கிறோம்.

சரி, வெயிலை மாற்றிவிட்டுக் குளிரைக் கொண்டுவந்தால்? நம் ஊரில் அதற்கு வழியில்லை. காஸ்பியன் கடலை ஒட்டி, இன்றைய துர்க்மெனிஸ்தானில், காராபொகாஸ்கோல் என்ற ஆழமற்ற விரிகுடா உண்டு. அங்கும் சோடியம், மக்னீசியம், குளோரைடு, சல்பேட் நிறைந்த செறிவான நீர்தான். குளிர்காலத்தில் நீரின் வெப்பநிலை 5, 6 பாகை செல்சியஸுக்குக் கீழே போனதும் சோடியமும் சல்பேட்டும் பத்து நீர் மூலக்கூறுகளோடு சேர்ந்து கிளாபர் உப்பாகக் கரையெங்கும் குவிகின்றன. கோடை வந்ததும் அதே உப்பு திரும்பக் கரைந்துவிடுகிறது. வெயிலில் குளோரைடோடு சேர்ந்து வெளியேறும் சோடியம், குளிரில் சல்பேட்டோடு சேர்ந்துகொள்கிறது. இந்த விரிகுடா நீரில் இருந்தது சோடியம் குளோரைடா, சோடியம் சல்பேட்டா என்று கேட்டால், எந்த மாதத்தில் கேட்கிறீர்கள் என்றுதான் பதில் கேள்வி கேட்க வேண்டும்.

5. மூட்டையில் ஒரு கலவை

கலவையைப் பற்றிச் சுருக்கமாக. நாம் கடையில் வாங்கும் அயோடின் கலந்த உப்பு அசலான கலவை. உப்பின்மேல் பொட்டாசியம் அயோடேட் கரைசலைத் தெளித்துப் புரட்டுகிறார்கள். நம் நாட்டில் நுகர்வோர் கைக்கு வரும்போது மில்லியனுக்கு 15 பங்கு அயோடினாவது இருக்க வேண்டும், அதாவது கிலோவுக்கு 15 மில்லிகிராம். நாளைக்கு 10 கிராம் உப்பு தின்றால் 150 மைக்ரோகிராம் அயோடின். வளர்ந்த ஒருவருக்குத் தேவையானது அதுதான். இவ்வளவு நுண்ணிய பங்கு ஒவ்வொரு கைப்பிடியிலும் சமமாக விழ வேண்டும். கரைசலில் மூலக்கூறுகளின் ஓயாத அலைச்சல் அந்தச் சமத்துவத்தைத் தானே கொண்டுவந்துவிடும். திண்மக் கலவையில் மனிதன்தான் கொண்டுவர வேண்டும். அயோடைடுக்குப் பதில் அயோடேட்டைத் தேர்ந்தது நம் ஈரக் காற்றுக்காக. அயோடைடு எளிதில் அயோடினாகிப் பறந்துவிடும். ஈரமான உப்பில் இந்தக் கலவையும் நிலைகுலையும் என்பதால் நான்காவது கூற்றில் சொன்ன மக்னீசியம் இங்கேயும் வந்து வில்லனாகிறது.

6. கழிவு வாய்க்காலில் ஓடுவது

1826இல் மோன்பெலியே நகரத்து இளைஞர் அந்துவான் பலார், உப்பளத்தின் கசப்பு நீரில் குளோரினைச் செலுத்தினார். நீர் பழுப்பேறியது. குளோரின் அங்கிருந்த புரோமைடு அயனியின் எலக்ட்ரானைப் பறித்துக்கொள்ள, புரோமின் விடுதலையாகி வந்தது. புதிய தனிமம். ஜெர்மன் வேதியியலர் லீபிக்கின் கைக்கு அதற்கு முன்பே அந்தத் திரவம் வந்திருந்தது; அவர் அயோடின் குளோரைடு என்று சீட்டு ஒட்டி அலமாரியில் வைத்துவிட்டார். கடல்நீரில் லிட்டருக்கு 65 மில்லிகிராம் அளவே உள்ள புரோமைடு, உப்பு விளைவிக்கும்போது கல்லுக்குள் அதிகம் போகாமல் கசப்பு நீரிலேயே தங்கிச் சேர்கிறது. உப்பளம் பலாருக்கு முன்கூட்டியே செறிவாக்கிக் கொடுத்திருந்தது.

எதிர்த்திசையிலும் ஒரு காட்சி உண்டு. இதே வட்டாரத்துச் சாகுபுரம் போன்ற இடங்களில் உப்புநீரில் மின்சாரம் பாய்ச்சிக் காஸ்டிக் சோடா தயாரிக்கிறார்கள். இன்றைய சவ்வு மின்கலங்களுக்குள் போகும் உப்புநீரில் கால்சியமும் மக்னீசியமும் சேர்ந்து பில்லியனுக்கு 20 பங்கைத் தாண்டக் கூடாது. அளத்தில் வெயிலும் அனுபவமும் பிரித்தது இந்த அளவுக்குப் போதாது. ஆகவே சோடியம் கார்பனேட் இட்டுக் கால்சியத்தையும், காஸ்டிக் சோடா இட்டு மக்னீசியத்தையும் வீழ்படிவாக்குகிறார்கள். அதற்குப் பிறகும் மிஞ்சும் துளியைப் பிசின் வடிப்பான்கள் பிடிக்கின்றன. கால்சியம் கார்பனேட் முதலில் படிந்த அந்த 7 டிகிரிப் பாத்தியில் நடந்ததுதான் இங்கே தொட்டிக்குள் நடக்கிறது, வெயிலுக்குப் பதில் வினைப்பொருளைச் செலவழித்து.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோளோடு அமர்கிறேன். பன்னிரண்டாம் வகுப்பு ஆய்வகத்தில் ஒரே பாடவேளையில் செய்யக்கூடிய சோதனை இது. 85 கிராம் சோடியம் நைட்ரேட்டையும் 75 கிராம் பொட்டாசியம் குளோரைடையும் 100 மில்லி நீரில் இட்டுக் கொதிக்க வையுங்கள். நீர் சுண்டச் சுண்ட வெள்ளைப் பொடி பிரியும். சூடு ஆறுமுன் வடிகட்டுங்கள். வடிதாளில் தங்கியதைச் சுடரில் காட்டினால் சோடியத்தின் மஞ்சள். கரைத்து வெள்ளி நைட்ரேட் விட்டால் குளோரைடின் வெண்தயிர். அது சோடியம் குளோரைடு. வடிநீரைக் குளிரவிட்டால் நீண்ட ஊசிகளாகப் படிவது பொட்டாசியம் நைட்ரேட். அதன் கரைதிறன் கொதிநீரில் மிக அதிகம், குளிர்நீரில் மிகக் குறைவு. சிலிநாட்டு நைட்ரேட்டிலிருந்து வெடியுப்பு எடுக்க 19ஆம் நூற்றாண்டில் ஜெர்மானியர்கள் பெரிய அளவில் செய்தது இதையேதான். மேசையின் ஓரத்தில் நாம் திறந்த இரண்டு புட்டிகளும் இன்னும் இருக்கும். அவற்றில் ஒட்டியிருக்கும் சீட்டில் உள்ள எந்தப் பெயரும் நம் கையில் இப்போது இருக்கும் இரண்டு பொருள்களுக்கும் பொருந்தாது. அதன் பிறகு மாணவர்களிடம் அந்தத் தேர்வுக் கேள்வியைக் கேளுங்கள்.